குடில் பார்க்கப் போன தெருக்கள்

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் உண்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் அவற்றில் கால் வைக்க இடமிருக்காது. 2023 டிசம்பரில் மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவுக்கு ஒருநாள் போய்வர ஆளுக்கு 180 டாலருக்கு மேல் சீட்டு. தம்பாவில் வேலை பார்க்கும் என் மகள் எங்களுக்கும் சேர்த்து வாங்குவதாகத்தான் இருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் வேண்டாம் என்றோம். சின்னப் பேத்திக்குக் கூட்டமும் சத்தமும் ஆகாது. "நான் அம்மாச்சியோட இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். பெரிய பேரனைக் கூட்டிக்கொண்டு மகளும் மருமகனும் விடிகிற நேரத்தில் கிளம்பிப் போவார்கள். நாங்கள் மூவரும் பூங்காக்களின் வாசல் பக்கமே போகாமல் அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடினோம்.

பூங்காக்களை விட்டுவிட்டால் அங்கே வேறென்ன இருக்கிறது என்று ஊரில் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. 1960களில் சதுப்பும் புதர்க்காடுமாகக் கிடந்த நிலத்தைத் துண்டு துண்டாக, யார் வாங்குகிறார்கள் என்று வெளியே தெரியாமல், 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிச் சேர்த்தார்கள். வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் கண்ணை மூடிவிட, அவருடைய அண்ணன் ராய் 1971 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்டைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் வயல் 14,707 ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அதைப்போல இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஏரி, வாய்க்கால், பைன் மரக்காடு, இடையிடையே தங்கும் விடுதிகள். ஏரிக்கரை விடுதிகளுக்கு இடையே படகும் மோனோரயிலும் ஓடுகின்றன, மற்றவற்றுக்குப் பஸ். எதிலும் சீட்டு கேட்பதில்லை. டிசம்பர் வந்தால் ஒவ்வொரு விடுதியும் தன் கூடத்தில் ஒரு மரத்தை நிறுத்தி, அந்த விடுதிக்கே உரிய விதத்தில் அலங்கரிக்கிறது. ஜனங்கள் ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள், "அங்கே பார்த்தீர்களா, இங்கே பார்த்தீர்களா" என்று எதிரே வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

முதல்நாள் சாயங்காலம் படகுத்துறையில் நிற்கும்போது பேத்தி, "இப்ப எங்க போறோம்?" என்றாள். "குடில் பாக்கப் போறோம்" என்று என் வாயில் வந்துவிட்டது. அந்த மரங்களுக்கடியில் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் எதுவும் இல்லை. இருந்தாலும் அப்படித்தான் வந்தது. பிறகு அங்கே இருந்தவரை, கால் அந்த ஊரில் நடந்ததே தவிர நினைப்பு எங்கள் ஊர் ராயப்பன்பட்டித் தெருக்களில்தான் நடந்தது.

ராயப்பன்பட்டி உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தாக்கின் கிழக்கு மலையடிவாரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே ஹைவேவிஸ் மலை. ஊர் நடுவே பனிமய மாதா கோயில். ஆண்பிள்ளைகளுக்கு அலோசியஸ் பள்ளி, பெண்பிள்ளைகளுக்கு ஆக்னஸ் பள்ளி. சுற்றிலும் கல்தூண் நட்டு, கம்பி கட்டி, பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள். எங்கள் பக்கத்துப் பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்கள் எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று கணக்கில்லை. எங்கள் அப்பாவுக்கும் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கவாத்துக் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைதான் மார்கழியில் குடில் கட்டும்.

குடில் வேலை திருவருகைக் காலத்தின் இரண்டாவது ஞாயிறோடு ஆரம்பிக்கும். முதல் போக அறுப்பு முடிந்து களத்தில் புது வைக்கோல் மஞ்சளாகக் குவிந்திருக்கும் நேரம் அது. அப்பா படப்பிலிருந்து நீளமான தாளாகப் பார்த்து உருவிக் கட்டிவைப்பார். மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டுவதும், அதன்மேல் வைக்கோல் வேய்வதும் அவர் வேலை. மலை செய்வது அண்ணன் வேலை. காக்கித்தாளை நனைத்துக் கசக்கி, மைதாப் பசை தடவி, அடுப்புக்கரிப் பொடியும் சலவை நீலமும் தூவிக் காயவைத்தால் அது அசல் ஹைவேவிஸ் மலை மாதிரியே மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். பெத்லகேமுக்குப் பின்னால் எந்த மலை இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு பெத்லகேமுக்குப் பின்னால் எங்கள் மலைதான் இருந்தது. வாய்க்கால் சுவரில் ஈரப்பாசியைத் தகடு தகடாகப் பெயர்த்து வருவது பெண்பிள்ளைகள் வேலை. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். அதன் ஓரத்தை மணலால் மறைக்கத் தெரியவேண்டும், அங்கேதான் பெரியவர்களுக்கும் எங்களுக்கும் சண்டை வரும்.

வயல்வெளிக்குக் கேப்பை முளைக்கப் போடுவோம். தட்டில் எருவும் மணலும் பரப்பி, ஊறவைத்த கேப்பையைத் தூவி, மேலே ஈரச் சாக்கு போட்டு இருட்டறையில் வைத்துவிட்டால் மூன்றாம் நாள் வெள்ளை முனை தெரியும். பிறகு சாக்கை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். பூசை ராத்திரிக்கு அது நாற்று மாதிரி பச்சைப் பசேலென்று நிற்க வேண்டும். முந்திப் போட்டால் சாய்ந்துவிடும், பிந்திப் போட்டால் தரையோடு தரையாக இருக்கும். எந்த நாளில் போடுவது என்பதை அப்பத்தாதான் தீர்மானிக்கும். அந்த வருஷம் மார்கழிக் குளிர் அதிகமா, மழை மூட்டமா என்று பார்த்து ஒருநாள் முன்னே பின்னே தள்ளும். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டாம் போகத்துக்கு நாற்றங்கால் விடுகிறவர்கள் போடும் கணக்குத்தான் அது. அப்பத்தா வாழ்நாள் முழுக்க வயலில் நின்ற மனுஷி.

சுரூபங்கள் மதுரையில் வாங்கியவை. சுண்ணாம்புப் பொம்மைகள், வருஷா வருஷம் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எதிலாவது ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். எங்கள் ஆட்டுக்குட்டிக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. அப்பா தீக்குச்சி ஒன்றை ஒடித்து, கோந்து வைத்து ஒட்டி நிறுத்துவார். பெட்டிக்குள் போய்த் திரும்பும்போது குச்சி உதிர்ந்திருக்கும், மறுபடி வேறு குச்சி. புது ஆடு வாங்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. குடில் பார்க்க வருகிற பிள்ளைகள் முதலில் அதைத்தான் தேடும்.

டிஸ்னியில் கன்டெம்பரரி என்று ஒரு விடுதி. மோனோரயில் அந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து வெளியே போகும். அதன் நடுவே 90 அடி உயரத்துக்கு ஓட்டுச்சில்லுகளால் ஆன ஒரு சுவரோவியம் நிற்கிறது. மேரி பிளேர் என்ற ஓவியர் 1971இல் அந்த விடுதி திறக்கும்போது செய்து கொடுத்தது. அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பேத்தி கழுத்து வலிக்க அண்ணாந்து தேடிக் கண்டுபிடித்து, "அஞ்சு கால், அஞ்சு கால்" என்று குதித்தாள். அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்கு எங்கள் வீட்டு மூன்று கால் ஆட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி, "அது இப்ப எங்க இருக்கு?"

எங்கே இருக்கிறது? அப்பா இறந்தபிறகு பெட்டி அண்ணன் வீட்டுக்குப் போனது. அண்ணன் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். பெட்டியை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

குடில் பார்க்கப் போவது 25ஆம் தேதி சாயங்காலம் தொடங்கும். அதற்கு முன்ராத்திரிப் பூசையைச் சொல்ல வேண்டும். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள், வண்டன்மேட்டிலும் கட்டப்பனையிலும் தங்கி வேலை செய்தவர்கள், கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்து இறங்கி வந்துவிடுவார்கள். அவர்கள் குமுளியில் வாங்கிவரும் பிளம் கேக் ஊருக்கே அதிசயம். கோயிலில் 'வானவர் கீதம்' எடுத்ததும் மணிகளெல்லாம் சேர்ந்து அடிக்கும், பாலனை மறைத்த திரை விலகும், வெளியே இளவட்டங்கள் வெடியைப் பற்றவைப்பார்கள். வீட்டுக்கு வந்து எங்கள் குடிலில் வெறுமையாக விட்டிருந்த தொட்டிலில் அப்பா பாலனை வைப்பார். மூன்று ராஜாக்கள் அப்போது குடிலில் இருக்க மாட்டார்கள். அவர்கள் அலமாரி மேல், வெகுதூரத்தில், ஒட்டகத்தோடு நிற்பார்கள். தினம் ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் கொண்டுவந்து சேர்க்கவேண்டியது வீட்டின் கடைசிப் பிள்ளை பொறுப்பு. எங்கள் வீட்டில் அது நான். அலமாரியிலிருந்து ஜன்னல் திட்டு, ஜன்னல் திட்டிலிருந்து தையல் மிஷின், தையல் மிஷினிலிருந்து குடில். இன்றைக்கும் ஒரு பயணத்தின் தூரம் என்று நினைத்தால் எனக்கு அந்தத் தையல் மிஷின்தான் பாலைவனமாகத் தெரியும்.

அந்தப் பன்னிரண்டு நாளும் தெருவில் கதவுகள் சாத்தியிருக்காது. பெரிய வீடு, கூரை வீடு என்று இல்லாமல் எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம். வாசலில் நின்று "குடில் பாக்க வந்திருக்கோம்" என்றால் போதும். முழங்கால் போட்டு ஒரு சின்னச் செபம், ஒரு பாட்டு, பிறகு கையில் அதிரசமோ முறுக்கோ. கிறிஸ்தவர்கள் மட்டும் வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து அப்பாவுக்குத் தெரிந்த திராட்சை வியாபாரிகள், அம்மாவோடு வயலில் நடவு நடுகிற பெண்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். அம்மா யாரையும் நிற்கவைத்து அனுப்பாது. "உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கத்தா, குடிலு எங்கயும் ஓடிப் போயிராது" என்று சொல்லும்.

போகிற இடத்தில் வெறுமனே பார்த்துவிட்டு வரமாட்டோம். எந்த வீட்டில் குளத்தில் நிஜ மீன் விட்டிருக்கிறார்கள், எந்த வீட்டில் சைக்கிள் டைனமோவை வைத்துச் சக்கரம் சுற்ற விட்டிருக்கிறார்கள், எந்த டீச்சர் வீட்டில் தேவதூதருக்கு ஜிகினாவில் இறக்கை என்று கணக்கெடுப்போம். ஒரு வீட்டில் மின்சாரமே கிடையாது. அங்கே அகல்விளக்கு வெளிச்சத்தில், களிமண்ணில் அவர்களே பிசைந்த மாதாவும் சூசையப்பரும். முகமெல்லாம் சரியாக வந்திருக்காது. ஆனால் அந்த மாதா பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் விதம் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் பிள்ளை வைத்திருக்கும் விதம். அந்த வீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் போவோம். அந்தக் குடிலுக்கு மேல் ஒரு குடிலை நான் இதுவரை பார்த்ததில்லை.

கிராண்ட் ஃபுளோரிடியன் விடுதியில் மனிதர் உள்ளே நுழையும் அளவுக்கு இஞ்சி ரொட்டியால் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். 1999இல் தொடங்கிய வழக்கம். தேன் மட்டும் 475 கிலோவாம், அது போக மாவும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும். கூடத்தில் நுழைந்ததும் பட்டையும் கிராம்பும் மணந்தது. அந்த மணத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா அதிரச மாவுக்கு ஏலக்காய் தட்டும் மணம் அதனோடு கலந்து வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஏலக்காய் மணம் வீட்டோடு நிற்பதில்லை. மலையிலிருந்து இறங்குகிறவர்களின் சட்டையில், ஜீப்பின் இருக்கையில், போடிக்குப் போகும் மூட்டையில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் ஊருக்குள் ஜீப் ஜீப்பாக வந்து இறங்கும்போது தெருவே மணக்கும். இவர் மதுரைக்காரர். "என்ன யோசனை?" என்றார். "அந்த ஜீப் வந்திருச்சு" என்றேன். அவருக்குப் புரிந்தது.

கேளிக்கைப் பூங்காவுக்கு வெளியே பெரியவர்கள் உட்கார்ந்திருப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. எங்கள் காலத்தில் பூங்கா என்றால் வைகை அணைதான். 1959இல் அணை திறந்தபிறகு இரு கரையிலும் பூங்கா அமைத்தார்கள். சின்ன பிருந்தாவனம் என்று பெயர் வாங்கியது. நீரூற்று, வண்ண விளக்கு, சிலைகள், நடுவே பாலம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான்கைந்து வீடுகள் சேர்ந்து வேன் பிடிப்போம். தூக்குவாளியில் புளியோதரை, மிஞ்சின பலகாரம், மண்பானையில் தண்ணீர். பிள்ளைகளுக்கு மட்டும் சீட்டு வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு அப்பத்தாவும் அப்பாவும் வெளியே மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று அப்பத்தா சொல்லும்.

நாங்கள் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொல்வோம். ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி இடைமறிப்பாள். அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும், கேள்வி கேட்கும், "தண்ணி மேல போயித் திரும்ப அதே எடத்துலயா விழுகுது?" என்று விவரம் பிடிக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியகுளத்துக்காரர்களோடும் ஆண்டிபட்டிக்காரர்களோடும் பேசி, அவர்கள் எந்த ஊர், எத்தனை பிள்ளை, மழை எப்படி என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கும். எங்கள் புளியோதரை அவர்கள் தட்டிலும், அவர்கள் சுண்டல் எங்கள் கையிலும் இருக்கும்.

டிஸ்னியில் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குப் பெரியவன் பூங்காவிலிருந்து திரும்பி, சாப்பிடக்கூட உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்வான். எந்த ராட்டினத்தில் வயிறு மேலே வந்தது, எங்கே எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள் என்று. நான் கேள்வி கேட்டேன். நிறையக் கேட்டேன்.

விடுதிகளுக்கு முன்னால் இருக்கும் ஏரியில் ராத்திரி ஒரு விளக்கு ஊர்வலம் போனது. 1971 அக்டோபரில் தொடங்கியதாம். மிதவைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் 25 அடி உயரத்துக்குப் பல்புகளால் செய்த திமிங்கிலம், ஆமை, கடல்நாகம். விடுதிக் கரைகளில் மணலில் உட்கார்ந்து யாரும் பார்க்க முடிந்தது. பக்கத்திலேயே மேஜிக் கிங்டமின் வாணவேடிக்கையும் ஆகாயத்தில் தெரிந்தது. ஆகாயத்தை யாரும் வேலி போட்டு அடைக்க முடியாதே. எங்கள் ஊரில் 25ஆம் தேதி மத்தியானக் கறிச்சோற்றுக்குப் பிறகு சண்முகாநதி அணைக்கு நடந்து போவோம். ஐம்பத்திரண்டரை அடி நீர் பிடிக்கும் சின்ன அணை. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாக இருந்தால் கிறிஸ்துமஸ் சமயம் நிறைந்து மறுகால் போகும். அந்தத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு, புதுச்சட்டை ஓரம் ஈரமாகி, வீட்டுக்குத் திரும்பும்போது மலைக்குப் பின்னால் குளிர் இறங்கத் தொடங்கியிருக்கும்.

டிஸ்னிக்குப் பக்கத்தில் செலிப்ரேஷன் என்று ஓர் ஊர். டிஸ்னி நிறுவனமே 1990களில் கட்டியது. அங்கே டிசம்பர் ராத்திரிகளில் கடைத்தெருவில் பனி பெய்ய வைக்கிறார்கள். விளக்குக்கம்பங்களிலிருந்து சோப்பு நுரை பூப்பூவாக உதிரும். பிள்ளைகள் கையை விரித்துப் பிடிக்கும். அன்றைக்கு வெயில் நம்மூர் தை மாத வெயில்தான், ராத்திரிக்கு ஒரு சால்வை போதும். பனியே பார்க்காத பூமியில் பனிக்கு ஏங்கும் ஜனங்கள். எங்கள் ஊர் மாதாவும் பனிமய மாதா. உரோமையில் எஸ்குலின் குன்றின்மேல் ஆகஸ்டு வெயிலில் பனி பெய்து, மாதா தனக்குக் கோயில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டினார் என்பது பழைய நம்பிக்கை. அதனால்தான் திருநாள் ஆகஸ்டு 5இல் வருகிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தினம் செபமாலை உருட்டின அப்பத்தா, பனி என்றால் மார்கழி விடியலில் வரப்புப் புல்லில் இருப்பது என்று மட்டும் அறிந்து போய்ச்சேர்ந்தது. பேத்தியின் தலையில் விழுந்த நுரையைத் தட்டிவிடும்போது, அப்பத்தாவைக் கூட்டிவந்து இதன் கீழே நிறுத்தியிருந்தால் நிச்சயம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிலுவை போட்டிருக்கும் என்று தோன்றியது.

பூசைக்கு ஆர்லாண்டோவில் பிரபஞ்ச அரசி மரியா பேராலயத்துக்குப் போனோம். சுற்றுலா வருகிறவர்களுக்காகவே எழுப்பிய கோயில். 2009இல் பசிலிக்காவானது. பெரிய கோயில், நல்ல பாடகர் குழு, மனம் உருகப் பாடினார்கள். என் இடது பக்கம் மெக்சிகோக்காரக் குடும்பம், வலது பக்கம் பிலிப்பீன்ஸ்காரப் பாட்டி ஒருவர். எல்லோரும் வெளியூர். சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது பிலிப்பீன்ஸ் பாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. ராயப்பன்பட்டியில் அந்த ராத்திரி எல்லோரும் ஊர் திரும்பியிருப்பார்கள், பூசை முடிந்து வெளியே வந்தால் பத்தடி நகர அரைமணி ஆகும், அத்தனை பேர் கன்னத்தைக் கிள்ளி "நல்லாருக்கியாத்தா" என்பார்கள். ஆர்லாண்டோவில் பத்தே நிமிஷத்தில் கார் நிறுத்துமிடம் காலியாகிவிட்டது.

நான் கடைசியாக ஊரில் கிறிஸ்துமஸுக்கு இருந்தபோது தெருவில் வெளிச்சம் முன்னைவிட அதிகம். வீட்டுக்கு வீடு மினுக்கும் சீரியல் விளக்கு, மாடியில் ஆள் உயர ஸ்டார். கோயில் குடிலை இளைஞர்கள் அவ்வளவு அழகாகச் செய்திருந்தார்கள், அருவி விழுந்தது, பொம்மைகள் அசைந்தன. எல்லோரும் அங்கே கூடி நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன், ராப்பகலாக உழைத்த பிள்ளைகள். ஆனால் பழைய ஞாபகத்தில் ஒவ்வொரு வீடாக ஏறலாம் என்று தெருவில் நடந்தால் பாதி வீட்டில் பூட்டு. அவற்றின் பிள்ளைகள் சென்னையில், துபாயில், என் மகளைப்போல அமெரிக்காவில். திறந்திருந்த வீடுகளில் டிவி ஓடியது. சிலர் மேஜைமேல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குடிலை ஒப்புக்கு வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அன்பாகத்தான் எழுந்து வந்தார்கள், டிவியை நிறுத்தினார்கள், காபி கொடுத்தார்கள். குடில் பார்க்க வந்தேன் என்று சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர்களே அதை மறந்துபோயிருந்தார்கள். அகல்விளக்குக் குடில் வீடு இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அப்பாவின் திராட்சைத் தோட்டம் கைமாறி, பந்தலைப் பிரித்துத் தென்னை வைத்துவிட்டார்கள். கல்தூண்கள் மட்டும் வரப்போரம் அடுக்கிக் கிடக்கின்றன.

டிஸ்னியில் நாங்கள் தங்கியது ஃபோர்ட் வில்டர்னஸ். 1971 நவம்பரில் திறந்த முகாம், ஏரிக்கரையில் பைன் மரக்காட்டுக்குள். எங்களுக்கு ஒரு மரவீடு. எங்களைச் சுற்றிக் கூடாரம் போட்டவர்களும், வீடு போன்ற வண்டிகளை ஓட்டி வந்தவர்களும். பெரிய விடுதிகளில் எல்லாம் நிறுவனம் செய்த அலங்காரம். இங்கே ஜனங்கள் தங்கள் கையால் செய்கிறார்கள். வண்டி நிற்கும் அந்தச் சின்ன இடத்தை நாள் முழுக்க நின்று அலங்கரிக்கிறார்கள். ஒருவர் பொம்மை ரயில் விட்டிருந்தார். ஒருவர் தன் சக்கர நாற்காலியைச் சறுக்குவண்டியாக்கி அதில் உட்கார்ந்தே எல்லோருக்கும் கையசைத்தார். இருட்டியதும் முகாமே தெருவில் இறங்குகிறது. நடந்தும், சின்ன கோல்ஃப் வண்டிகளில் விளக்கு கட்டிக்கொண்டும், ஒவ்வோர் இடமாக நின்று பார்த்து, பேசி, அடுத்த இடத்துக்கு.

ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு கிழவனார் மரத்தடியில் குடில் வைத்திருந்தார். அந்த முகாமில் நான் பார்த்த குடில்களில் அதுதான் எனக்குப் பிடித்தது. அவர் மனைவி செதுக்கிய மரப்பொம்மைகள். மனைவி இறந்துவிட்டாராம். இப்போது மகனும் பேரப்பிள்ளைகளும் வண்டி ஓட்டிக் கூட்டி வருகிறார்கள். பேத்தி நேராகப் போய்க் குனிந்து, ஆடுகளின் காலை எண்ணினாள். எல்லாம் நான்கு. எங்கள் ஆட்டைப் பற்றி அவளே அவரிடம் இங்கிலீஷில் சொன்னாள், தீக்குச்சி வரைக்கும் விட்டுவிடாமல் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களை உட்காரச் சொன்னார், கோப்பையில் சூடான கோகோ ஊற்றிக் கொடுத்தார். நான் பையில் வைத்திருந்த முறுக்கைக் கொடுத்தேன். ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். போகிறவர்கள் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அதைப் பகிர்ந்து கொடுத்தார். இவர் அவரோடு விவசாயம் பேச ஆரம்பித்துவிட்டார், அங்கே சோளம், இங்கே நெல் என்று. மகள் போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டபோது மணி பத்தாகியிருந்தது.

மூன்று ராஜாக்கள் எங்கே என்று பேத்தி அவரைக் கேட்டாள். அவர்கள் இன்னும் வண்டிக்குள்தான், சமையல் மேடைமேல் இருக்கிறார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

இந்த வருஷம் தம்பா வீட்டில் குடில் கட்ட வேண்டும் என்று பேத்தி பிடிவாதமாக இருக்கிறாள். போனில் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். வைக்கோல் அங்கே குதிரை லாயக் கடைகளில் கிடைக்கும் என்று மருமகன் சொன்னார். காக்கித்தாளுக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வரும் பார்சல் அத்தனையிலும் அதுதான். கேப்பை இந்தியக் கடையில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மாவு வேண்டாம், முழுசாகப் பார்த்து வாங்க வேண்டும், பழசாக இருந்தால் முளைக்காது. ஒருகைப் பிடியை முன்கூட்டியே முளைக்கவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் வீட்டு பால்கனியில் வெயில் நன்றாக விழும், குளிரும் நம்மூர் அளவுதான். அதனால் 13ஆம் தேதி ராத்திரி ஊறப்போட்டு 14ஆம் தேதி தூவினால் சரியாக இருக்கும். மூட்டமாக இருந்தால் ஒருநாள் முந்திக்கொள்ள வேண்டும். அதை அவளே பார்த்து முடிவு செய்யட்டும்.